வாசிக்கும் முறை வந்தால் வயிற்றுவலி

சாஜன் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்பப் பங்குச்சாமியார் விகாரியச்சனாலேயே முடியாது. மலைச்சரக்குக் கடை நடத்துகிறவன். மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் காலையில் சொன்ன விலையைச் சாயங்காலம் மாற்றமாட்டான் என்று எங்கள் பங்கில் அவனுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் இப்போது அவன் வீட்டுக்குள் வினையாக வந்து நிற்கிறது.

போன வாரம் அவன் இரண்டு பேரிடம் இரண்டு சொல் சொன்னான். முதலாவது, அச்சன் தங்கியிருக்கும் பள்ளிமேடைக்குப் போய் அவரிடம்.

"ஆதிகுர்பானை அன்னைக்கு லேகனம் என் டெஸ்ஸா வாசிக்கட்டும் அச்சோ. பொறுப்பைக் கையில குடுத்தா சோம்பேறித்தனம் தானா போயிடும்."

இரண்டாவது, வீட்டுக்கு வந்து பத்து வயது டெஸ்ஸாவிடம்.

"ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வாசிச்சா இங்கயே இருந்து படிக்கலாம். சொதப்பினா ஜூன்ல போர்டிங்தான். பெட்டியை நானே வாங்கிட்டு வருவேன், தெரிஞ்சுக்கோ."

லேகனம் வாசிப்பது சின்ன விஷயமில்லை. குர்பானை என்கிற பூசையின் நடுவே பீடத்தருகே நின்று, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக்கில் வேதப் பகுதியை வாசிக்க வேண்டும். ஆதிகுர்பானையில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அந்தக் கொடுப்பினை. வாசித்த பிள்ளையின் வீட்டார் அந்தப் பெருமையைக் கல்யாணப் பந்தல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாளை.

சனிக்கிழமை காலையிலேயே வீடு களைகட்டிவிட்டது. சாஜனின் அண்ணன் குரியாச்சன் தொடுபுழையிலிருந்து மனைவி செலினோடும் மகன் ஏபலோடும் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தான். நாளை விருந்துக்குப் பிடியும் கோழியும். பிடி என்றால் சும்மா வந்துவிடுமா? வறுத்த அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் ஆயிரக்கணக்கில் உருட்ட வேண்டும். வீட்டுப் பெண்கள் எல்லாரும் அடுக்களைத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதில் டெஸ்ஸாவின் கைதான் வேகம். உள்ளங்கையில் மூன்று உருண்டைகளை ஒன்றாக உருட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். காதில் மட்டும் வழக்கம்போல அக்காவின் இயர்போன்.

"இந்தப் பொண்ணு கையப் பாரேன், மெஷின் கணக்கா!" என்றாள் செலின். "என் மகன் ஒரு உருண்டை உருட்டுறதுக்குள்ள ரெண்டு தின்னுடுறான்."

"கைவேலைன்னா விடிய விடிய உக்காருவா சேச்சி. புத்தகத்தைக் கண்ணுல காட்டினாத்தான் உடம்புக்கு என்னமோ ஆயிடும்" என்றாள் லின்ஸி.

பெற்ற தாயே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்லமாட்டார்கள்? லின்ஸி கெட்டவள் இல்லை. ஆதிகுர்பானை கவுன் தைப்பதில் இந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பொறுமை இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஆனால் மகள் விஷயத்தில் அவளும் எல்லாரையும் போலத்தான் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒவ்வொரு வருஷமும் ஒரே பாட்டுத்தான் பாடினார்: மூளை இருக்கிறது, அக்கறை இல்லை. வாய்க்கணக்குப் போட்டால் முதலில் சொல்வாள், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள், புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் பென்சில் தொலைந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு எந்தத் தாய்தான் மகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள்?

கடைக்குக் கிளம்பிய சாஜன் அடுக்களை வாசலில் நின்றான்.

"டெஸ்ஸா, உருட்டினது போதும். கையைக் கழுவிட்டு ஒரு தடவை வாசிச்சுப் பாரு."

"எனக்குத் தெரியும் பப்பா."

"என்ன தெரியும்? அச்சன் குடுத்த பேப்பரைக் கண்ணால பார்த்தியா? ஒரு வாரமா அது ஃப்ரிட்ஜ் மேலயே கிடக்கு."

"தெரியும்னா தெரியும்."

"பார்த்தியா லின்ஸி? பாட்டு கேட்டுக்கிட்டே பதில் சொல்ற திமிரைப் பாரு. இதுக்குத்தான் போர்டிங்ங்கறேன்."

ஏபலுக்கு வாய் சும்மா இருக்குமா? "அவ நாளைக்குக் காலைல வயித்துவலின்னு படுத்துக்குவா பாருங்க. லேகனம் நான்தான் வாசிக்கணும். நான் டையெல்லாம் கொண்டு வந்திருக்கேன்."

அடுத்த நொடி ஏபலின் மூக்கில் ஈரமாவு அப்பிக்கொண்டது. அவன் கத்த, செலின் பதற, சாஜன் கையை ஓங்க, ஒன்பதாம் வகுப்பு நிம்மி நடுவில் பாய்ந்து தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க பப்பா, நான் அவளை வாசிக்க வைக்கிறேன்" என்றாள் நிம்மி. தங்கையை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாஜன் மூடிய கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான். அவனுக்கு மகள் என்றால் உயிர். அந்த உயிர்தான் அவனை இப்படிக் கத்த வைத்தது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மதியத்துக்கு மேல் கோயிலில் ஒத்திகை.

பிள்ளைகள் வரிசையாக நின்று, கை கூப்பி, நாக்கை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பது வரை பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பழக்கிய லிஸ்யு சிஸ்டர் சத்தம் போட்டே தொண்டை கட்டியிருந்தார். கடைசியாக லேகனத்தின் முறை வந்தது.

"டெஸ்ஸா சாஜன்!"

டெஸ்ஸா படியேறிப் போனாள். வாசகப்பலகை அவள் மூக்கு உயரத்துக்கு இருந்தது. மைக் அதற்கும் மேலே.

"லின்ஸி, அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கி விடேன். கப்யாரு டீ குடிக்கப் போயிட்டாரு" என்று கூப்பிட்டார் சிஸ்டர்.

பிள்ளைகளின் பூமுடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த லின்ஸி மேலே போய், மைக்கைத் திருகி இறக்கி, ஒரு சின்ன முக்காலியை நகர்த்திப் போட்டாள். மைக் மறுபடி நழுவிவிடாதபடி கையால் பிடித்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

டெஸ்ஸா தொடங்கினாள்.

என்ன குரல்! அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, ஒரு சொல்கூடச் சிந்தாமல் வாசித்தாள். வலது கை ஆள்காட்டி விரல் புத்தகத்தில் வரிவரியாக நகர்ந்தது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள்கூட ஆட்டத்தை நிறுத்தினார்கள். வாசலருகே நின்ற சாஜன் கர்ச்சீஃபை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

லின்ஸியும் பெருமையோடு குனிந்து அந்தச் சின்ன விரலைப் பார்த்தாள். அப்புறம் விரலுக்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தாள்.

மகளின் வாயில் வந்துகொண்டிருந்தது அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த இரவைப் பற்றி. விரல் ஓடிக்கொண்டிருந்த பக்கத்தில் இருந்ததோ ஒரு கப்பலும் புயலும். கோயில் வேலைகளைப் பார்க்கும் கப்யார் புத்தகத்தைத் துடைத்து வைத்தபோது அடையாள நாடாவை வேறு பக்கத்தில் போட்டுவிட்டிருக்க வேண்டும்.

முதலில் லின்ஸிக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். கப்பல்தான். டெஸ்ஸாவின் விரல் கப்பலின் பாயைத் தாண்டி, நங்கூரத்தைத் தாண்டி, அடுத்த வரிக்கு இறங்கியது. வாய் அப்பத்தை விட்டு அசையவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளையாகவே இருக்கட்டும், வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் முதல் வரியிலேயே தலையைத் தூக்கி, 'சிஸ்டர், பக்கம் மாறியிருக்கு' என்றிருக்குமே.

லின்ஸியின் கை வழுக்கியது. மைக் ஒரு கிறீச்சிடலோடு ஆடி நின்றது. டெஸ்ஸா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். குரல் ஒரு நொடி நின்றது. பிறகு கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படியிறங்கிப் போனாள்.

"கர்த்தாவே, ஒரு வார்த்தை பிசகல!" என்று சிஸ்டர் கைதட்டினார். "இந்தப் பொண்ணையா சோம்பேறின்னீங்க சாஜன்?"

"நான் என்ன சொன்னேன் சிஸ்டர்? வரும், ஆனா வராது. தலைக்கு மேல கத்தி தொங்கினாத்தான் வரும்!" சாஜன் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். டெஸ்ஸாவுக்கு மட்டும் இரண்டு. அவள் இரண்டையும் ஏபலிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கவுன் அளவு பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி லின்ஸி மகளைத் தையல் அறைக்குள் கூட்டிப் போனாள். கதவைத் தாழிட்டாள். வெள்ளைக் கவுனைப் போட்டுவிட்டு, முதுகுப் பக்கக் கொக்கிகளை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்படிடீ படிச்சே அதை? இயர்போன்ல கேட்டது பாட்டு இல்லையா?"

"நிம்மிச் சேச்சி வாசிச்சு போன்ல பதிஞ்சு குடுத்தா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் டெஸ்ஸா. "அவளைத் திட்டாதீங்க. நான்தான் அழுதேன்."

"ஏன்டீ? பேப்பர் கையில இருக்கே, எழுத்துத்தான் உனக்குத் தெரியுமே?"

"எழுத்து தெரியும்மா. ஒவ்வொண்ணாக் கேளுங்க, எல்லாம் சொல்வேன். சேர்த்து வாசிச்சாத்தான்..." அவள் நிறுத்தினாள். "ஒரு வார்த்தையைக் கூட்டி முடிச்சு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முதல் வார்த்தை போயிடுது. திரும்பப் போய் எடுத்துட்டு வந்தா இது போயிடுது. நான் ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள கிளாஸே பக்கத்தைத் திருப்பிடும்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல? கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா..."

டெஸ்ஸா சட்டென்று திரும்பினாள். கொக்கி ஒன்று தெறித்தது.

"பண்ணினேன்! ரெண்டாங்கிளாஸ் முழுக்க பண்ணினேன். ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் பண்ணினேன். அப்பவும் வரல. முயற்சி பண்ணியும் வரலைன்னா மக்குன்னுதானேம்மா அர்த்தம்? பண்ணாம இருந்தா சோம்பேறின்னு மட்டும்தான் சொல்லுவாங்க. சோம்பேறின்னா திட்டுவாங்க, அவ்வளவுதான். மக்குன்னா பாவம்னு பாப்பாங்க. எங்க கிளாஸ் ரோஷனை அப்படித்தான் பாக்குறாங்க. என்னால முடியாதும்மா அது."

லின்ஸி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைக்குள் இரண்டு வருஷத்து வயிற்றுவலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறை டெஸ்ஸாவுக்கு வரும் நாளில்தான் வயிறு வலிக்கும். வலிக்காவிட்டால் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் அக்காவைக் கிள்ளி, சிரித்து, பப்பாவிடம் அடி வாங்கி, முழங்காலில் நிற்கச் சொல்லி மூலைக்கு அனுப்பப்படுவாள். மூலைக்குப் போன பிள்ளையை யாரும் வாசிக்கச் சொல்லமாட்டார்கள். குறும்பு என்று நினைத்து அந்தப் பிள்ளையை எத்தனை தரம் அடித்தாயிற்று! மாவு உருட்டிய அந்த வேகக் கையைப் பார்த்துக்கொண்டே, சோம்பேறி என்கிற மாதிரி செலினிடம் சொன்னோமே, இன்று காலையில்கூட!

லின்ஸிக்கு அழுகை வந்தது. கவுனில் பட்டுவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா. ஏபலுக்குத் தெரியவே கூடாது. நாளைக்கு நான் நல்லா வாசிச்சுடுவேன். அப்புறம் போர்டிங் கிடையாது. பப்பா சொன்ன சொல் மாறமாட்டாரு."

"சொல்லமாட்டேன் மோளே."

"மாதாவாணை?"

"மாதாவாணை சொல்லமாட்டேன்."

டெஸ்ஸா நிம்மதியாக மூச்சு விட்டாள். லின்ஸி தெறித்த கொக்கியைத் தேடி எடுத்து மறுபடி தைத்தாள்.

அந்த நேரத்தில் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. நாளை எப்படியாவது கழியட்டும். திங்கட்கிழமை சாஜனைத் தனியாக உட்கார வைத்து, பதமாகப் பேசி, கோட்டயத்தில் இதற்கென்று இருக்கும் டாக்டரிடம் பிள்ளையைக் காட்டலாம். நல்ல கணக்குதான். ஆனால் ஒத்திகையிலிருந்து வந்த சாஜனின் சந்தோஷம் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றி, திருஇருதயப் படத்துக்கு முன்னால் பாய் விரித்தார்கள். ஜெபமாலை முடிந்தது. முறைப்படி அன்று வேதம் வாசிக்க வேண்டியது நிம்மி. அவள் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்தும்விட்டாள்.

"நிம்மி, புத்தகத்தைத் தங்கச்சிகிட்ட குடு" என்றான் சாஜன். "அண்ணா, இன்னைக்கு நீங்க கோயிலுக்கு வரலையே. கேளுங்க இவ வாசிக்கிறதை. கோயிலே சொக்கிப் போச்சு!"

"அவ களைச்சிருக்கா பப்பா, நானே..." என்றாள் நிம்மி.

"நீ பேசாம இரு."

புத்தகத்தை அவனே வாங்கி, கைபோன போக்கில் ஒரு பக்கத்தைத் திறந்து டெஸ்ஸாவின் மடியில் வைத்தான். "வாசி மோளே. நாளைக்கு ஒரு பழக்கமா இருக்கும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். டெஸ்ஸா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"வயித்தை வலிக்குது பப்பா."

ஏபல் களுக்கென்று சிரித்தான். "சொன்னேன்ல?"

டெஸ்ஸாவின் கால் நீண்டது. ஏபலின் தொடையில் ஓர் உதை விழுந்தது. அவன் சாய்ந்த வேகத்தில் விளக்கு ஆடி, எண்ணெய் பாயில் கொட்டியது. செலின் ஏசுவே என்று கத்தினாள். சாஜன் ஒரே எட்டில் எழுந்து மகளின் மேல்கையைப் பிடித்துத் தூக்கினான்.

"ஜெபத்துலயா? ஜெபத்துலயாடீ உன் திமிரு? மதியம் அம்புட்டு அழகா வாசிச்ச வாய்க்கு இப்ப என்ன வந்தது? மனசில்லாம நடிக்கிறே! உன்னை இன்னைக்கு..."

ஓங்கிய கையை லின்ஸி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க இச்சாயா! அவளுக்கு வாசிக்க வராது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது லின்ஸிக்கே கேட்டது.

"என்ன உளர்றே? என் காதால கேட்டேன் நான்."

"கேட்டீங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவ வாயில வந்தது ஒண்ணு, புத்தகத்துல இருந்தது வேற. காதால கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கா. வாசிக்கமாட்டேங்குறா இல்ல இச்சாயா, வாசிக்க வரல. அது வேற, இது வேற. இத்தனை நாளும் நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு பிள்ளையை..."

"நிம்மி?" என்றான் சாஜன். நிம்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பத்து வயசுல வாசிக்கத் தெரியாதா?" ஏபல் கேட்டது கேலியாகக்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம். அதுதான் அதிகமாகத் தைத்தது. செலின் மகனின் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே டெஸ்ஸாவை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல மனசோடுதான் பார்த்தாள், பாவம் இந்தப் பிள்ளை என்று.

டெஸ்ஸா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

சாஜனின் பிடி தளர்ந்திருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து மகளின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"அம்மா சொல்றது நெசமா மோளே? உனக்கு வாசிக்க வரலையா? பப்பாகிட்ட சொல்லு. வரலைன்னா வரலைன்னு சொல்லு."

ஐயோ, அந்த ஒரு சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாதா! சொல்லியிருந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும். சாஜனின் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் அது தெரிந்தது.

டெஸ்ஸா அம்மாவைப் பார்க்கவில்லை. ஏபலைப் பார்த்தாள், செலினைப் பார்த்தாள். பாயில் விழுந்திருந்த புத்தகத்தை எடுத்து மூடினாள்.

"பொய். அம்மா பொய் சொல்றாங்க. எனக்கு நல்லா வாசிக்க வரும். எனக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான். நான் சோம்பேறிதான். போர்டிங்குக்கே அனுப்புங்க."

"டெஸ்ஸா!" என்றாள் லின்ஸி.

"கேட்டியா?" சாஜன் மெதுவாக எழுந்தான். முகத்தில் இரத்தம் ஏறியது. "அவளே சொல்றா. நீ என்னடான்னா அவ திமிருக்குப் பேரு வச்சுத் தாலாட்டுறே."

"அவ வெக்கத்துல சொல்றா இச்சாயா, புரிஞ்சுக்குங்க!"

"பிள்ளையை விட்டுடுடா, நாளைக்குப் பெரிய நாள்" என்றான் குரியாச்சன்.

"நாளைக்கு அவ வாசிப்பா அண்ணா. வாசிக்கத் தெரியும்னு அவ வாயாலயே சொல்லிட்டாளே. அது அதுபாட்டுக்கு நடக்கும். ஆனா போர்டிங்கையும் அவளே கேட்டுட்டா, அதனால போர்டிங் போர்டிங்தான். ஜூன் வரைக்கும்கூட இல்ல. லீவு கிளாஸ் நடக்குதாம் அங்க."

அவன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். ஜெபம் பாதியில் நின்றது. ஜெபம் முடிந்தால் பிள்ளைகள் ஒவ்வொரு பெரியவரிடமும் வந்து கைகூப்பி ஸ்துதி சொல்வது அந்த வீட்டில் ஒரு நாளும் தவறியதில்லை. இன்றைக்கு யாரும் யாரிடமும் வரவில்லை. செலின் எண்ணெய்ப் பாயைச் சுருட்டினாள்.

லின்ஸி அறைக்குள் போனபோது டெஸ்ஸா தன் பள்ளிப்பையைக் கட்டிலில் கவிழ்த்துப் புத்தகங்களைக் கொட்டியிருந்தாள். காலிப்பைக்குள் துணிகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஒவ்வொன்றும் கடைக்காரர் மடித்த மாதிரி இருந்தது.

"மோளே."

"மாதாவாணை சொன்னீங்க."

"அடிக்கப் போனாரே, என்னால தாங்க முடியல."

"அடிச்சா வலிக்கும், அப்புறம் போயிடும். தினம் வாங்குறதுதானே? இப்ப ஏபலுக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் எல்லார்கிட்டயும் சொல்லுவான். நாளைக்கு நான் அங்க நின்னு வாசிக்கும்போது அவன் என் புத்தகத்தையே பார்த்துட்டு இருப்பான்."

சொல்லாமல் இருந்திருந்தால் அடி விழுந்திருக்கும். சொன்னதால் இது. நல்லது செய்யப் போய் மகளைச் சந்தியில் நிறுத்தியாயிற்று. எது சரி என்று எனக்கும்தான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அவளுக்குச் சொல்லட்டும்.

"என்னை மன்னிச்சுடு மோளே" என்றாள்.

டெஸ்ஸா ஒரு பாவாடையை எடுத்து மடியில் வைத்து நீவினாள். முற்றத்திலிருந்து சாஜனின் குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. "ஆமா மதர்... திங்கட்கிழமையே கூட்டிட்டு வந்துடறேன்... இல்ல மதர், உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசில்லாததுதான்..."

"அங்க சாப்பாடு நல்லா இருக்குமா?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"இருக்கும்."

"ராத்திரி லைட்டை அணைச்சுடுவாங்களா?"

"வராந்தாவுல ஒண்ணு எரியும்."

"சாயங்காலம் ஜெபம் உண்டா?"

"உண்டு."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க வேதம் யாரு வாசிப்பாங்கம்மா? சிஸ்டர்ங்களா?"

லின்ஸி அதே மாதிரி மடத்துப் போர்டிங்கில் வளர்ந்தவள். அவளுக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரே நாளில் எத்தனை தரம்தான் இந்தப் பிள்ளையை ஏமாற்றுவது?

"பிள்ளைங்கதான் மோளே. முறை வச்சு. தினமும் ஒருத்தி."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

டெஸ்ஸா பைக்குள் வைத்த துணிகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஜெபத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அப்ப நான் எங்கதாம்மா போறது?" என்று கேட்டாள்.